பங்கு மக்களுக்கு ஒரு பேஸ்பால் காலை: வடசென்னையில் நடத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

வடசென்னையில் ஒரு கத்தோலிக்கப் பங்கில் விளையாட்டு நாள் என்று அறிவித்தால், அது கிரிக்கெட் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். யார் கேப்டன், யார் ஓப்பனிங் என்பதெல்லாம் திருப்பலி முடிந்து படியிறங்குவதற்குள் முடிவாகிவிடும். அன்றைக்கு ஆடப்போவது ஆண்டுதோறும் ஆடும் அதே இருபத்திரண்டு இளைஞர்கள்தான். மற்றவர்கள் எல்லோரும் பந்தல் நிழலில் உட்கார்ந்து பிரியாணி அண்டா எப்போது இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். கால்பந்து வைத்தாலும் கதை இதுதான். வியாசர்பாடிப் பிள்ளைகளுக்குப் பந்து காலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அவர்களுக்கு எதிரே நிற்க மற்றவர்களுக்குத் துணிவு வராது. கேரம் போர்டு வைத்தால் நான்கு பேர் ஆட நாற்பது பேர் சூழ்ந்து நிற்பார்கள்.

பேஸ்பாலின் பெரிய தகுதி, நம்மில் யாருக்கும் அது ஆடத் தெரியாது என்பதுதான். பீடச் சிறுவன், மரியாயின் சேனை அக்கா, ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற மாமா, துறைமுகத்தில் வேலை செய்யும் அண்ணன் என எல்லோரும் அன்றைக்கு ஒரே நேரத்தில் கத்துக்குட்டிகள். எங்கள் பங்கில் மூன்று முறை இதை நடத்திப் பார்த்த அனுபவத்தில், இந்த ஆட்டத்தைக் கிரிக்கெட்டாக மாறவிடாமல் காப்பதே அமைப்பாளரின் முதல் வேலை என்று சொல்வேன். கீழே வரும் படிகள் பெரும்பாலும் அதற்காகவே எழுதப்பட்டவை.

முதல் படி: நாள் குறித்தல்

நாட்காட்டியைத் திறப்பதற்கு முன் உங்கள் பங்கு மக்கள் எந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மைதானம் குளமாகக் கிடக்கும். ஜனவரி நடுவில் பொங்கல் விடுமுறைக்குத் தூத்துக்குடி, நெல்லை, குமரி என்று சொந்த ஊருக்குப் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். மார்ச் மாதம் பொதுத்தேர்வு. அதோடு தவக்காலமும் சேர்ந்துகொள்ளும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிக்கும் பெசன்ட் நகருக்கும் போவோர் போக, பங்கில் ஆள் தேட வேண்டியிருக்கும். உங்கள் ஊர்த் திருவிழாக்களையும் கணக்கில் கொள்ளுங்கள்: பெரம்பூர் பக்கம் என்றால் பிப்ரவரி 11, லூர்து அன்னை திருநாள், ராயபுரம் பக்கம் என்றால் ஜூன் 29, புனித பேதுரு பவுல் பெருவிழா. கொடியேற்றம், தேர்பவனி நாள்களோடு மோதுமாறு ஒரு விளையாட்டை வைத்தால் பங்குப் பேரவையில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். இவ்வளவையும் கழித்தால் மிஞ்சுவதில் வசதியானவை பொங்கல் முடிந்து திருநீற்றுப் புதனுக்கு முன்னால் வரும் சில ஞாயிறுகளும், ஜனவரி 26 விடுமுறையும்தான். என் தேர்வு ஜனவரி 26. அன்றைக்கு வெயிலும் ஒத்துழைக்கும்.

காசிமேட்டை ஒட்டிய பங்குகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மீன்பிடித் துறைமுகத்தில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைதான் வாரத்திலேயே பெரிய வியாபாரம். அந்த நேரத்தில் ஏலத்தை விட்டுவிட்டு பேட் பிடிக்க யாரும் வர மாட்டார்கள். அவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் தடைக்காலம் வசதியானது, ஏனென்றால் விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். ஆனால் அது கையில் காசு புரளாத காலமும்கூட. ஆகவே அந்த நாள்களில் நடத்துவதாக இருந்தால் வீட்டுக்கு வீடு வசூலிப்பதைத் தவிர்த்து, ஆட்டத்தைக் காலை 6 மணிக்குத் தொடங்கி 8.30 மணிக்குள் முடித்துவிடுங்கள். அக்னி நட்சத்திர நாள்களில் அதையும் செய்ய வேண்டாம்.

இரண்டாம் படி: மைதானமும் அனுமதியும்

ஐம்பது மீட்டர் நீளமும் ஏறத்தாழ அதே அகலமும் உள்ள வெற்றிடம் போதுமானது. பள்ளி மைதானம் கிடைத்தால் சுற்றுச்சுவர், கழிப்பறை, குடிநீர் மூன்றும் சேர்ந்தே கிடைக்கும். மாநகராட்சி மைதானம் என்றால் உங்கள் பகுதி எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்த்து, திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகியவற்றுள் உரிய மண்டல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஒலிபெருக்கி வைப்பதாக இருந்தால் காவல் நிலையத்திலும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

எதுவாக இருந்தாலும் எழுத்தில் வாங்குங்கள். முதல் ஆண்டு நாங்கள் ஒரு பள்ளி மைதானத்தை வாய்ச்சொல்லாகக் கேட்டு, ‘தாராளமா நடத்துங்க’ என்ற பதிலோடு திரும்பி வந்துவிட்டோம். அன்று காலை போய்ப் பார்த்தால் மைதானத்தின் நடுவே வேறொரு விழாவுக்கு மேடை போட்டுக்கொண்டிருந்தார்கள். இருநூறு பேருக்கான சிற்றுண்டியோடு வாசலில் நின்ற அந்த அரை மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இடம் மிகவும் சிறியது, ஆலய வளாகம் மட்டுமே இருக்கிறது என்றால் மனம் தளர வேண்டாம். உலக பேஸ்பால் சாஃப்ட்பால் கூட்டமைப்பு தெருவில் ஆடுவதற்கென்றே ‘பேஸ்பால் 5’ என்ற வடிவத்தை உருவாக்கியிருக்கிறது. அணிக்கு ஐந்து பேர், ஐந்து இன்னிங்ஸ், ஒரு ரப்பர் பந்து. பேட்டும் கிடையாது, கையுறையும் கிடையாது. அடிப்பவர் பந்தைத் தன் கையாலேயே தட்டிவிட்டு ஓட வேண்டும். பேஸ்களுக்கு, அதாவது ஓடுபவர் தொட வேண்டிய மூலைகளுக்கு, இடையே 13 மீட்டர் தூரம்தான்; 21 மீட்டர் சதுரத்துக்குள் மொத்த ஆட்டமும் அடங்கிவிடும். செனகல் நாட்டின் டக்காரில் 2026-இல் நடத்தத் திட்டமிடப்பட்ட இளையோர் ஒலிம்பிக்கிலும் இதைச் சேர்த்திருக்கிறார்கள். ஆலய வளாகத்தில் இதை நடத்துவதில் இன்னொரு நன்மை, வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பற்றிய கவலை குறைவு.

மூன்றாம் படி: பொருள்கள்

உண்மையான பேஸ்பால் பந்து வாங்காதீர்கள். அதன் எடை 142 முதல் 149 கிராம்; கிரிக்கெட் பந்தைவிடச் சற்றே குறைவு, அவ்வளவுதான், மற்றபடி கல் கல்தான். சாஃப்ட்பால் என்ற பெயரைப் பார்த்து அது மென்மையான பந்து என்று எண்ணுகிறவர்கள் ஏராளம். அதன் எடை 178 கிராமுக்குக் குறையாது, கையில் பட்டால் வீங்கிவிடும். கையுறை போட்டுப் பழகாத கூட்டத்துக்கு நம் தெருப் போட்டிகளில் ஆடும் ஹெவி டென்னிஸ் பால்தான் சரி. ஆறு பந்துகளாவது கையில் இருக்கட்டும், இரண்டு நிச்சயமாகப் பக்கத்து வீட்டு மாடிக்குப் போகும்.

பேட் விஷயத்தில் மட்டும் சமரசம் செய்யக்கூடாது. உருட்டுக்கட்டை போன்ற அந்த வட்டமான பேட்தான் எல்லோரையும் சமமாக்குகிறது. கிரிக்கெட் பேட்டைக் கொடுத்தால் தெரு ஆட்டக்காரர்கள் மீண்டும் ராஜாக்களாகிவிடுவார்கள். பெரியமேட்டில், நேரு விளையாட்டரங்கை ஒட்டிய விளையாட்டுப் பொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்கு இரண்டு, சிறுவர்களுக்கு எடை குறைந்தது ஒன்று என மூன்று போதும். கைப்பிடியில் கிரிப் டேப் சுற்றிவிடுங்கள். வியர்த்த கையிலிருந்து நழுவிப் பறக்கும் பேட், பந்தைவிட ஆபத்தானது. பேட்டுக்குப் பின்னால் நிற்கும் கேட்சருக்கு ஒரு கீப்பர் கையுறையும் கிரில் வைத்த ஹெல்மெட்டும் கொடுத்துவிடலாம்.

பேஸுக்குக் கோணிப்பையை வெட்டித் தைத்து, உள்ளே மெல்லியதாக மணல் பரப்பிக் கொள்ளுங்கள். இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போனால் கால் இடறும். ரப்பர் கால்மிதிகளும் ஆகும், ஆனால் மணல் தரையில் அவை வழுக்கிச் செல்லும்.

நான்காம் படி: மைதானத்தில் கோடு போடுதல்

முதலில் திசை. பேட் பிடிப்பவரின் முகத்துக்கு நேரே சூரியன் இருக்கக் கூடாது. பேஸ்பால் விதிப்புத்தகம் அடிப்பவர் கிழக்கு-வடகிழக்கு நோக்கி நிற்பதே விரும்பத்தக்கது என்கிறது, அது பிற்பகல் ஆட்டத்துக்குப் பொருந்தும் யோசனை. நாம் காலையில் ஆடுவதால் அதை அப்படியே பின்பற்றினால் அடிப்பவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும். அடிப்பவர் வடக்கு நோக்கி நிற்குமாறு அமையுங்கள். அப்போது சூரியன் அவருக்கு வலப்பக்கமாகப் போய்விடும். இடப்புற மூலையில் தூரத்தில் நிற்பவருக்கு மட்டும் வெயில் எதிரே அடிக்கும், அவருக்கு ஒரு தொப்பி கொடுத்தால் போதும்.

முழு அளவு மைதானத்தில் பேஸுக்குப் பேஸ் 27.43 மீட்டர், பந்து வீசுபவர் 18.44 மீட்டர் தூரத்தில் நிற்பார். நம் மக்களுக்கு அவ்வளவு வேண்டாம். சாஃப்ட்பாலில் இருப்பதுபோல் ஏறத்தாழ 18 மீட்டர் போதும். வீசுபவர் 12 மீட்டரில் நிற்கட்டும்.

சதுரத்தைச் சரியாகப் போடுவதற்குக் கயிறு ஒன்றே கருவி. அடிப்பவர் நிற்கும் இடத்தில், அதாவது ஹோமில், ஒரு முளை அடியுங்கள். அங்கிருந்து நேர் வடக்கே 25 மீட்டர் 46 சென்டிமீட்டர் அளந்து இரண்டாவது முளை. அதுதான் இரண்டாம் பேஸ். இப்போது 18 மீட்டர் நீளமுள்ள இரண்டு கயிறுகளில் ஒன்றை ஹோம் முளையிலும் மற்றொன்றை இரண்டாம் பேஸ் முளையிலும் கட்டி, அவற்றின் நுனிகளை வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போங்கள். இரண்டும் விறைப்பாக நின்று நுனிகள் தொடும் இடம் முதல் பேஸ். அதையே இடப்பக்கம் செய்தால் மூன்றாம் பேஸ். கோணமானி தேவையில்லை, கண்ணளவும் தேவையில்லை. முடிந்ததும் முளைகளைப் பிடுங்கிவிட்டுப் பேஸ்களை வையுங்கள்.

கோடு போடச் சுண்ணாம்புத் தூளை வாங்கி வருவார்கள். வேண்டாம், காற்றில் பறந்து கண்ணில் பட்டால் எரியும். கோலமாவு போதும். கோட்டை யார் போடுவது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை: இளைஞர்கள் கயிறு பிடித்துக்கொண்டு போட்ட கோடு பாம்புபோல் நெளிந்தபோது, அன்பியத்துத் (பங்கிலுள்ள அக்கம்பக்கக் குடும்பங்களின் சிறு குழு) தலைவி அக்கா ஒருவர் கோலமாவுக் கிண்ணத்தை வாங்கி, குனிந்த தலை நிமிராமல் பதினெட்டு மீட்டரையும் ஒரே இழையாக இழுத்துவிட்டார்.

முதல் பேஸில் இரண்டு கோணிகளை அருகருகே வையுங்கள். கோட்டுக்கு உள்ளே இருப்பது பந்தைப் பிடிப்பவருக்கு, வெளியே இருப்பது ஓடி வருபவருக்கு. மோதல்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நடக்கும் என்பதால் சாஃப்ட்பாலிலேயே இந்த ஏற்பாடு உண்டு. பார்வையாளர்கள் ஹோமுக்குப் பின்னால் உட்காரவே கூடாது. இருபுறக் கோடுகளிலிருந்தும் பத்து மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுங்கள்.

ஐந்தாம் படி: கிரிக்கெட்டை மறக்கச் சொல்லிக்கொடுத்தல்

முன்னதாக இரண்டு ஞாயிறுகளில் மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் முக்கால் மணி நேரம் பயிற்சி வையுங்கள். விதிகளை அச்சடித்துக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். கிரிக்கெட்டில் இருந்து எங்கெங்கே மாறுகிறது என்பதை மட்டும் ஆடிக்காட்டினால் போதும்.

முதல் மாற்றம் ஓட்டம். கிரிக்கெட்டில் அடித்த பிறகு ஓடுவதும் ஓடாததும் நம் விருப்பம். இங்கே பந்து கோடுகளுக்குள் விழுந்துவிட்டால் ஓடியே தீர வேண்டும். அதுவும் பந்து வீசியவரை நோக்கி அல்ல, வலப்பக்கமாக, முதல் பேஸை நோக்கி. அங்கிருந்து இரண்டாம், மூன்றாம் பேஸ்களைத் தொட்டு ஹோமுக்குத் திரும்பி வந்தால்தான் ஓர் ஓட்டம். எங்கள் முதல் ஆட்டத்தில் வின்சென்ட் தே பவுல் சபையைச் சேர்ந்த ஒரு அக்கா முதல் பந்தையே நன்றாக அடித்துவிட்டு அங்கேயே நின்று பேட்டைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார்.

“ஓடுக்கா, ஓடு!”

“எந்தப் பக்கம்பா ஓடறது?”

அவர் வழி கேட்டு முடிப்பதற்குள் பந்து முதல் பேஸுக்குப் போய்விட்டது. அடுத்து அடித்தவர் நல்ல கிரிக்கெட் ஆட்டக்காரர். வீசுபவரை நோக்கி நேராக ஓடி, பாதி வழியில் நினைவு வந்து, தலையில் கை வைத்துக்கொண்டார்.

இரண்டாவது, பேட். நமக்கு பேட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடி, கோட்டைத் தாண்டி அதை நீட்டித் தொடுவது ரத்தத்தில் ஊறிய பழக்கம். இங்கே அடித்தவுடன் பேட்டைக் கீழே போட்டுவிட வேண்டும். வீசக்கூடாது, போட வேண்டும். பயிற்சி நாளில் பந்தே இல்லாமல், ‘அடி, போடு, ஓடு’ என்று பத்து முறை செய்யச் சொல்லுங்கள். பேட்டோடு முதல் பேஸ் வரை ஓடினால் அவுட் என்று நாங்கள் ஒரு விதி வைத்தோம். விதிப்புத்தகத்தில் அது கிடையாது, இருந்தாலும் இரண்டே ஆட்டத்தில் பழக்கம் மாறியது.

மூன்றாவது, திசை. கிரிக்கெட்டில் பந்தைக் கீப்பருக்குப் பின்னால் தட்டிவிட்டால் நான்கு ஓட்டம். இங்கே ஹோமிலிருந்து முதல் பேஸ், மூன்றாம் பேஸ் வழியாகப் போகும் இரண்டு கோடுகளுக்கு வெளியே போன பந்து ‘ஃபவுல்’. அதற்கு ஓட்டம் கிடையாது, ஒரு ஸ்ட்ரைக் (அடிக்கத் தவறினால் ஏறும் எண்ணிக்கை) கணக்கில் ஏறும். ஃபைன் லெக்கில் பெயர் வாங்கியவர்களுக்கு இது பெரிய வருத்தம்.

மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அடிப்பவர் அவுட் என்பதும், மூன்று பேர் அவுட் ஆனால் அணி மாறும் என்பதும் எளிதில் புரிந்துவிடும். ஃபவுல் மட்டும் மூன்றாவது ஸ்ட்ரைக்காகக் கணக்கில் வராது என்பதைச் சொல்லிவிடுங்கள். பந்தைக் கீழே விழாமல் பிடித்தால் கேட்ச், அது நமக்கு நன்றாகவே தெரியும். ஒரு பிட்ச் கேட்ச் எடுத்துவிட்டு ‘அவுட்’ என்று கத்தும் சிறுவர்களை மட்டும் அடக்க வேண்டும். கேட்ச் ஆகும்போது பேஸ்களில் இருக்கும் மற்றவர்கள் தங்கள் பேஸைத் தொட்டபடி காத்திருந்து, பிடிக்கப்பட்ட பிறகே நகர வேண்டும். முன்பே கிளம்பியிருந்தால் திரும்பி ஓடி வர வேண்டும்.

குழப்பம் முழுவதும் ஒரே இடத்தில்தான் வரும்: எப்போது பேஸை மிதித்தால் போதும், எப்போது ஆளைத் தொட வேண்டும்? இதற்கு நான் ஷேர் ஆட்டோவை உவமை சொல்வேன். ஒரு பேஸில் ஒருவருக்குத்தான் இடம். மூலக்கடை நிறுத்தத்தில் பின்னால் ஒருவர் ஏறினால் உள்ளே இருப்பவர் நகர்ந்துதான் ஆக வேண்டும் அல்லவா? அதுபோல, அடித்தவர் முதல் பேஸுக்கு ஓடி வருவதால் அங்கே ஏற்கெனவே நிற்பவர் இரண்டாம் பேஸுக்கு ஓடியே தீர வேண்டும். இப்படிக் கட்டாயத்தால் ஓடுபவரை அவுட் ஆக்க, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் போகும் பேஸை மிதித்தாலே போதும். பின்னால் யாரும் தள்ளவில்லை, தானாக ஆசைப்பட்டு ஓடுகிறார் என்றால், பந்து உள்ள கையால் அவரைத் தொட வேண்டும். அடித்தவர் முதல் பேஸுக்கு ஓடுவது எப்போதும் கட்டாய ஓட்டம்தான். முதல் பேஸை மிதித்த பிறகு நேராகக் கடந்து ஓடலாம், தவறில்லை. இரண்டிலும் மூன்றிலும் மிதித்தபடி நின்றாக வேண்டும். நான்கு பேர் பேஸ்களில் நின்று இதை நடித்துக் காட்டினால் பத்து நிமிடத்தில் புரியும், பேசியே விளக்கினால் ஒரு மணி நேரத்திலும் புரியாது.

ஆறாம் படி: நம் பங்குக்கான விதிகள்

உண்மையான ஆட்டம் ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ். நாம் ஐந்து இன்னிங்ஸோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒன்றேகால் மணி நேரம் ஆனால் அத்தோடு முடித்துவிடலாம். ஓர் இன்னிங்ஸில் ஓர் அணி ஐந்து ஓட்டம் எடுத்துவிட்டால் மூன்று அவுட் ஆகாவிட்டாலும் அணி மாறட்டும். இல்லையென்றால் முதல் இன்னிங்ஸே மதிய உணவு வரை போகும். களத்தில் நிற்பது பத்துப் பேராக இருந்தாலும், அணியில் பெயர் கொடுத்த அத்தனை பேருக்கும் வரிசையாக பேட் கொடுக்க வேண்டும். பேஸ் திருடுவது (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடுவது), சறுக்கி விழுவது இரண்டுக்கும் தடை. கட்டாந்தரையில் சறுக்கினால் முழங்காலில் தோல் மிஞ்சாது.

பந்து வீசுபவர் எதிரணி ஆளாக இருக்கக் கூடாது என்பது நாங்கள் பட்டுக் கற்றது. வேகமாக வீசத் தெரிந்த ஓர் இளைஞன் போதும், பாதிப்பேர் பந்தைத் தொடாமலே திரும்பிப் போய்விடுவார்கள். இரண்டு அணிகளுக்கும் ஒரே பொது வீசுநர், கைக்குக் கீழே இருந்து மெதுவாக வீசட்டும். அடிப்பவருக்கு ஏற்றவாறு பந்து போடுவதே அவர் வேலை. எங்கள் பங்கில் உதவிப் பங்குத்தந்தைதான் அந்தப் பொறுப்பை ஏற்றார். அவர் யாருக்கு நல்ல பந்து போட்டார் என்பது பற்றி இன்றுவரை இரண்டு கட்சிகள் உண்டு என்றாலும், ஆட்டம் ஓடியது. ஆனால் பங்குத்தந்தையை நடுவராக்காதீர்கள். ஆலயத்தில் அவரிடமே ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) செய்ய வேண்டிய மனிதர்கள், மைதானத்தில் அவரோடு அவுட்டா இல்லையா என்று வாக்குவாதம் செய்ய நேரக்கூடாது. அடுத்த பங்கிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு வாருங்கள்.

எனக்கு மிகப் பிடித்த விதி, பதிலி ஓட்டம். அறுபது வயதுக்கு மேற்பட்டவர் யாராக இருந்தாலும் அவர் அடிப்பார், அவருக்காக ஒரு பிள்ளை ஓடும். பாட்டி அடிக்கப் பேரன் ஓடுவதைப் பார்த்த பிறகுதான், பந்தலுக்குள் உட்கார்ந்திருந்த மற்ற பாட்டிகள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து வந்தார்கள்.

ஏழாம் படி: அணி பிரித்தல்

அன்பியத்துக்கு ஓர் அணி என்று பிரிப்பது எளிது. ஆனால் அன்பியங்கள் பெரும்பாலும் தெருவாரியாக இருப்பதால், அது தெருவுக்குத் தெரு போட்டியாகி, அடுத்த வாரம் டீக்கடை வரை தொடரும். எல்லா அன்பியங்களின் பெயர்களையும் ஒரே பெட்டியில் போட்டு, ஒவ்வோர் அணியிலும் சிறுவர், பெண்கள், முதியோர் சமமாக வருமாறு சீட்டு எடுங்கள். பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் நண்பர்களும் பெயர் கொடுத்தால் சீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புனிதர்களின் பெயர்களை அணிகளுக்கு வைக்காதீர்கள். பக்தியோடுதான் நாங்களும் வைத்தோம். ‘அந்தோணியார் அவுட்!’ என்று மைக்கில் ஒலித்ததும், ‘செபஸ்தியார் படுதோல்வி’ என்று பலகையில் எழுதியதும் உபதேசியார் ஐயாவுக்குச் சற்றும் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டு முதல் வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி என்று மாறிவிட்டோம். நெத்திலி அணிதான் சென்ற முறை வென்றது.

அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், திருப்பலி முடிவில் இரண்டு நிமிடம் போதும். திருத்தந்தை பதினான்காம் லியோ சிகாகோவில் பிறந்தவர், அந்த நகரத்து ஒயிட் சாக்ஸ் அணியின் ரசிகர், 2005 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர் என்று சொன்னால், இது நமக்குச் சம்பந்தமில்லாத ஆட்டம் என்று முணுமுணுப்பவர்களும் காது கொடுப்பார்கள். மறைக்கல்வி வகுப்பில் பேப் ரூத்தின் கதையைச் சொல்லலாம். அடக்க முடியாத பிள்ளை என்று ஏழு வயதில் பால்டிமோரில் சவேரியார் சபைச் சகோதரர்கள் நடத்திய புனித மரியா தொழிற்பள்ளியில் விடப்பட்ட அவருக்கு, அங்கிருந்த சகோதரர் மத்தியாஸ்தான் பேஸ்பாலில் வழிகாட்டினார்.

எட்டாம் படி: அன்றைய காலை

6.30 திருப்பலி முடிந்து 7.30-க்குச் சிற்றுண்டி. இட்லி, வடகறி போதும். பொங்கல் சாப்பிட்டவர் முதல் பேஸ் வரைகூட ஓட மாட்டார். 8.15-க்கு எல்லோரும் மைதானத்தில் வட்டமாக நின்று ஒரு சிறு செபம். உரைகள் வேண்டாம், பேரவைப் பொறுப்பாளர்கள் மைக்கைப் பிடித்தால் வெயில் ஏறிவிடும். உடனே கைகால்களைத் தளர்த்தும் பயிற்சி, அதுவும் முப்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்குக் கட்டாயம். பத்து ஆண்டுகளாக ஓடாத கால் திடீரென்று ஓடும்போது தொடையில் பிடித்துக்கொள்ளும். ஷூ இல்லாதவர் வெறுங்காலோடு ஆடலாம், செருப்போடு ஆடக்கூடாது. அக்காமார்களிடம் சுடிதாரில் வரும்படி முன்பே சொல்லிவையுங்கள்.

முதல் ஆட்டம் 8.30-க்கு. ஸ்கோர் எழுதப் பலகையும், ஆட்டத்தை விளக்கிச் சொல்ல நன்றாகப் பேசும் ஒருவரும் தேவை. பார்ப்பவர்களுக்கு விதி புரியாது என்பதால் ஒவ்வொரு அவுட்டுக்கும் காரணத்தை மைக்கில் சொல்ல வேண்டும். இடைவேளையில் மோர், தர்பூசணி. முதலுதவிப் பெட்டி, ஐஸ்கட்டி, பங்கிலுள்ள செவிலியர் ஒருவர், ஓட்டுநரோடு தயாராக நிற்கும் ஒரு வண்டி, இவை இல்லாமல் முதல் பந்தை வீசக்கூடாது. ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பகுதியில் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனை பக்கம்தான். மற்றவர்கள் எந்த மருத்துவமனைக்குப் போவது என்று முன்பே முடிவு செய்து வையுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108.

நான்கு அணிகள் என்றால் இரண்டு ஆட்டமும், வென்ற அணிகளுக்குள் இரண்டே இன்னிங்ஸ் கொண்ட இறுதி ஆட்டமும் நடத்தி 12 மணிக்குள் முடிக்கலாம். மூவேளைச் செபத்துக்குப் பிறகு சாப்பாடு. பிரியாணிக்கு ஒரு கிலோ அரிசி எட்டு முதல் பத்துப் பேருக்கு வரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஓடி விளையாடிய கூட்டத்துக்கு எட்டு என்றே வையுங்கள். சைவம் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு. ஓர் ஆண்டு பிரியாணிக்குப் பதில் அத்தோ நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும் வைத்தோம். பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களால் வடசென்னைக்குப் பழகிய உணவுதான் என்றாலும், ‘வயிறு நிறையவில்லை’ என்று ஆண்கள் தரப்பில் பெரிய முறையீடு எழுந்தது.

பரிசாகக் கோப்பை வேண்டாம் என்பது என் கருத்து. வென்ற அணி பரிமாற வேண்டும், தோற்ற அணி முதல் பந்தியில் உட்கார வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

சாப்பாடு முடிந்ததும் இலைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் கோணியில் அள்ளி, கோலமாவுக் கோடுகளைத் துடைப்பத்தால் கலைத்து, மைதானச் சாவியை யாரிடம் வாங்கினீர்களோ அவரிடமே திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். வரவு செலவை அடுத்த ஞாயிறு அறிவிப்பில் வாசித்துவிட வேண்டும். மாடிக்குப் போன இரண்டு பந்துகளைக் கேட்கப் போகும்போது, அந்த வீட்டுக்காரருக்கு ஒரு பொட்டலம் பிரியாணி எடுத்துச் செல்லுங்கள்.